தண்ணிக் கிராணி

நம் பழைய ரப்பர்த் தோட்டத்து ஆட்களின் சந்திப்பு மலருக்கு எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நான் ஒருத்திதான் பாக்கி என்று செயலாளர் தம்பி மூன்று தரம் போன் போட்டுவிட்டார். "அக்கா, ரெண்டு பக்கம் போதும் லா. சின்ன வயசு நெனப்பு ஏதாச்சும் எழுதுங்க" என்றார். சரி, எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அது உங்களுக்குத் தெரியும். இன்றைக்குக் காலையில் ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கும் சுங்கை ஊடாங் பக்கமும் ஆள் ஏற்றிப் போகும் பஸ்களில் ஆறு என்னுடையவை. அதுவும் உங்களுக்குத் தெரியும். முதல் வேனை நானே ஓட்டினேன். பொம்பளை ஓட்டும் வேனில் பிள்ளைகளை ஏற்றமாட்டோம் என்று சொன்ன வீட்டுப் பேரப்பிள்ளைகள் இப்போது என் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்கள். எப்படி இந்த இடத்துக்கு வந்தேன் என்று கேட்டால் ஒரே பதில்தான். எவன் சொன்னதையும் நான் நம்பியதில்லை. டிரைவர் டேங்க் நிறைய எண்ணெய் இருக்கிறது என்றால், இந்த வயதிலும் நானே போய்க் குச்சியை விட்டுப் பார்ப்பேன். குச்சியில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரைதான் அவன் பேச்சு.

குச்சி விட்டுப் பார்க்கிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். போன சந்திப்பில் ஒரு கதை சொல்லி எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தீர்களே, அந்தத் தண்ணிக் கிராணி கதை. அன்றைக்கு நானும் உங்களோடு சிரித்தேன்.

பிற்பாடு பிறந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் தோட்டத்து ஆபீஸ் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிறிஸ்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. காலையில் மேசை வேலை. மத்தியானம் பால் கொட்டகையில் நின்று, பெண்கள் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர்ப் பாலை நிறுத்துச் சோதிப்பது. சோதனைக்கு ஒரு கண்ணாடிக் குச்சி உண்டு. உள்ளே வெல்வெட்டுத் துணி வைத்த மரப்பெட்டியில், பிறந்த குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி வைத்திருப்பார். பாலில் ஒரு பங்கு எடுத்து, அதில் இரண்டு பங்கு தண்ணீரை அளந்து விட்டுக் கலக்கி, குச்சியை மெல்ல இறக்குவார். பால் கெட்டியாக இருந்தால் குச்சி அமிழும். யாராவது முன்பே தண்ணீர் கலந்திருந்தால் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இதைப் பார்த்து நம் ஆட்கள் என்ன பேசினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "அவரே தண்ணிய ஊத்துவாராம், அப்பறம் தண்ணி இருக்குன்னு சொல்லுவாராம். இது எந்த ஊரு நியாயம் லா?" என்பார்கள். என் அம்மா கொஞ்சம் யோசிக்கிற ஆள். "குச்சி பொய் சொல்லாதுங்கறாங்க. சரி. புடிக்கிற கை சொல்லலாமே" என்பாள்.

அந்த வருஷம் மழை நவம்பரிலேயே பிடித்துக்கொண்டது. விடியலில் மரத்தில் பட்டை வெட்டி வைத்தால், பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் மழையும் வடியும். இரண்டு தரம் அம்மாவின் பாலில் குச்சி தலை தூக்கிவிட்டது. மழைத் தண்ணீர்தான். ஆனால் மழை பெய்யும்போது மங்கைக் கவிழ்க்காதது வெட்டுகிறவள் குற்றம் என்பது தோட்டத்துச் சட்டம். மூன்றாம் தரம் பிடிபட்டால் வேலைப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்று சொல்லிவிட்டுப் போனார். "இன்னொரு தடவன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. சட்டி பானைய கட்டி வச்சுக்க." அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு பட்டை வெட்டும் உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சனிக்கிழமை பிற்பகலில் கிராணி தன் வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து வேதபாடம் சொல்லிக்கொடுத்தார். தோட்டத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகள் நான்கோ ஐந்தோதான். மற்றப் பிள்ளைகளும் வரலாம் என்று சொல்லியிருந்தார். அந்த 'வரலாம்' என்ற ஒரு வார்த்தையில் லயம் முழுக்கச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. பிஸ்கட்டு கொடுத்து இழுக்கிறார், நாளைக்குப் பேரை மாற்றுவார், மறுநாள் மாரியம்மன் கோயிலுக்கு ஆள் இருக்காது என்று பேச்சு.

என் அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீ போ" என்றார்.

எனக்கே ஆச்சரியம். "அங்கயா?"

"போயி உக்காந்து கேளு. என்னா சொல்றான்னு அப்பிடியே வந்து எங்கிட்ட சொல்லு. பிஸ்கட்ட தின்னுக்க. சாமி மட்டும் கும்புட்றாத."

வேவு பார்க்க அப்பா என்னைத் தேர்ந்தெடுத்ததில் தப்பே இல்லை. பதினொரு வயதில் என்னைப்போல் காதும் ஞாபகமும் உள்ள பிள்ளை அந்த லயத்தில் கிடையாது. என் அண்ணன் போயிருந்தால் பிஸ்கட்டு எத்தனை என்று மட்டும் சொல்லியிருப்பான்.

கிராணி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருக்கும். தரை சிவப்பு மெழுகு போட்டு வழுக்கும். அவர் மனைவி நீல எனாமல் குவளையில் ரோஸ் சர்பத்து கொண்டுவந்து வைப்பார். குவளையின் விளிம்பில் ஒரு இடத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருக்கும். நான் எப்போதும் அந்தக் கறுப்பு வாய்ப்பக்கம் வராமல் திருப்பித்தான் குடிப்பேன். அதில் ஏதோ தடவியிருப்பார்கள் என்று எனக்கு எண்ணம். அவர்களுடைய மகள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், பாயின் ஓரத்தில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளையும் நான் நம்பவில்லை. யார் கண்ணை மூடினார்கள், யார் மூடவில்லை என்று பார்த்துச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஆபத்தாகத் தெரியவில்லை. அவர்களுடைய சாமி மாட்டுக் கொட்டகையில் பிறந்தார், தச்சு வேலை செய்தார், பசித்தது, களைத்துத் தூங்கினார், கூட்டாளி செத்ததற்கு அழுதார். நம்மைப்போல ஒரு ஆள்தான் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். மூன்றாம் வாரம் கிராணி பேச்சை மாற்றினார்.

"இவர் மனுஷன் மட்டும் இல்லைப் பிள்ளையள். கடவுள். பாதிக் கடவுள், பாதி மனுஷன் எண்டு நினைக்காதையுங்கோ. முழுக் கடவுள். முழு மனுஷன். ரெண்டும் ஒருத்தருக்குள்ளை."

என் மண்டையில் உடனே மணி அடித்தது. பால் கொட்டகையில் வளர்ந்த பிள்ளையிடம் சொல்லுகிற பேச்சா இது? நான் கையைத் தூக்கினேன்.

"ஐயா, பால்ல தண்ணி கலந்தா பாலும் முழுசா இருக்காது, தண்ணியும் முழுசா இருக்காதே. நீங்கதானே குச்சி விட்டு பாக்குறீங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். கிராணிக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கேள்வி. கலந்தால் நீர் சொல்லுறதுதான் சரி. இது கலப்பு இல்லை. அவர் இறங்கி வந்தவர். இறங்கினதாலை குறையேல்லை."

"அப்ப தொரை பங்களாவ விட்டுட்டு நம்ம லயத்துல வந்து குடியிருந்தா, அவரு தொரையாத்தான் இருப்பாரா?"

இதற்கு அவரே சிரித்துவிட்டார். "இருப்பார். ஆனால் ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

"அதெப்படி ரெண்டும் முழுசு?" நான் விடவில்லை.

அவர் வாசல் பக்கம் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. "எனக்கும் முழுக்க விளங்கேல்லைப் பிள்ளை. விளங்காததை விளங்கின மாதிரிச் சொல்லக்கூடாது. நம்புறன். அவ்வளவுதான்."

அன்று வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். "அவருக்கே வெளங்கலியாம்பா." அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "விக்கிறவனுக்கே சரக்கு தெரியல. இவன்லாம் ஆள் புடிக்க வந்துட்டான்." அண்டை வீட்டுக்காரர்கள் வரை செய்தி போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் கல்யாண வீட்டுக் கதை. பந்தியில் திராட்சரசம் தீர்ந்துபோகிறது. கல்ஜாடிகளில் தண்ணீரை நிரப்பச் சொல்கிறார். மொண்டு பார்த்தால் எல்லாம் நல்ல ரசம். மனுஷனால் ஆகாதது, கடவுளால்தான் ஆகும், அவர் யார் என்று அன்றைக்குத்தான் கூட இருந்தவர்களுக்குத் தெரிந்தது என்றார் கிராணி. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நம்ம கள்ளுக்கடைய மூடிறலாம்" என்று அவர் அதோடு முடித்துக்கொண்டார்.

என்னால் அதோடு முடிக்க முடியவில்லை. மற்றதெல்லாம் கேட்டுக்கொள்கிற விஷயம். இது பார்க்கிற விஷயம். தண்ணீர் வேறொன்றாக ஆகுமா, ஆகாதா? ஆகிவிட்டால் கடவுள். ஆகாவிட்டால் மனுஷன். அதைக் காட்டிக்கொடுக்க வெல்வெட்டுப் பெட்டியில் ஒரு குச்சியும் இருக்கிறது.

பள்ளி விடுமுறை. நான் அம்மாவோடு மரக்காட்டுக்குப் போய் மங்கு துடைத்துக் கொடுப்பேன். அந்தத் திங்கட்கிழமை விடியுமுன் ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. அம்மா ஒவ்வொரு மங்காகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். முகம் சரியில்லை. பால் எடுத்து முடித்து இரண்டு வாளியையும் ஓடைக்கரையில் இறக்கிவைத்துவிட்டு, "மேட்டுல ஏழெட்டு மரம் பாக்கி, பாத்துக்க, நாய் வாய் வச்சிரப்போவுது" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

நான் மட்டும். இரண்டு வாளி. ஓடை.

விளையாட்டுப் புத்தியில் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். அம்மாவின் பாலில் மழை விழுந்திருக்கிறது, குச்சி எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும், வீடு போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அவர் நிஜமாகவே கடவுள் என்றால் மழைத் தண்ணீரையும் பாலாக்கிவிடலாமே என்ற ஆசை ஒரு பக்கம். ஆனால் மழைத் தண்ணீர் எவ்வளவு விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு அந்தச் சாமி ஒன்றுமே செய்யாமல், 'நான்தான் பாலாக்கினேன்' என்று சொல்லிவிட்டால்? சோதனை என்றால் கணக்காக இருக்க வேண்டும். ஆகவே ஒரு மங்கை எடுத்து ஓடையில் மொண்டு, எண்ணி ஆறு மங்கு தண்ணீரை முன்வாளியில் ஊற்றினேன். ஒரு குச்சியை ஒடித்துக் கலக்கினேன். கண்ணை மூடவில்லை. அப்பாவிடம் கொடுத்த வாக்கு இருக்கிறதே.

"நீ கடவுளா இருந்தா இத பாலாக்கு. மனுஷன்தான்னா சும்மா இரு, நான் ஒண்ணும் கேக்கல" என்று சொன்னேன்.

பிறகு குனிந்து பார்த்தேன்.

நீங்கள் எல்லாரும் பாலோடு வளர்ந்தவர்கள். உங்களுக்குத் தெரியும். ரப்பர்ப் பாலில் ஆறு மங்கு தண்ணீர் என்ன, அரை வாளி ஊற்றினாலும் பார்வைக்கு வெள்ளைதான். எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் தெரியவில்லை. ஓடைத் தண்ணீர் தேயிலைச் சாயம்போல இருந்தது. என் கையால் ஊற்றினேன். இப்போது வாளியில் ஒரு சொட்டுச் சாயம் இல்லை. விளிம்புவரை வெள்ளை வெளேர் என்று பால். அம்மா வந்து இரண்டு வாளியையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் ஏற்றியபோது, "என்னாடி, முன்னால கனமா இருக்கு" என்றாள். கொஞ்சம் நின்று, "மழைக்கு மரம் நல்லா ஊத்தியிருக்கு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். மாதக்கணக்கில் அவள் முகத்தில் நான் பார்க்காத சந்தோஷம் அது. நான் பின்னால் நடந்தேன். ஓடைக்கரையிலிருந்து பால் கொட்டகை வரை அரை மணி நேர நடை. என் ஆயுசில் ஒன்றை முழுசாக நம்பினேன் என்றால் அந்த அரை மணி நேரம்தான்.

கொட்டகையில் அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. வரிசையில் பதினைந்து பெண்கள். அம்மாவின் முறை வந்தது. கம்பிச் சல்லடை வழியாகப் பாலை நிறுவை வாளியில் ஊற்றினாள். கிராணி சின்னக் குவளையில் மொண்டு, தண்ணீர் அளந்து விட்டு, கலக்கி, குச்சியை இறக்கினார்.

குச்சி கழுத்துவரைத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

மண்டோர் எட்டிப் பார்த்தார். "மூணு" என்றார்.

"மாரியாத்தா மேல சத்தியமா, நான் ஒண்ணும் ஊத்தலங்க." அம்மாவின் குரல் எனக்கு அடையாளம் தெரியாத குரலாக இருந்தது. "தூறல்தான் போட்டுச்சு. எல்லா மங்கையும் பாத்துப் பாத்துதான் எடுத்தேன். வேணும்னா பிள்ளைய கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சல்லடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சல்லடைக் கம்பியில், கட்டிப்பாலும் மரப்பட்டையும் ஒட்டியிருந்த இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவு ஒன்று வெள்ளைப் பூசிக்கொண்டு கிடந்தது. அதற்கு ஒரு வால் இருந்தது. தவளைக்குஞ்சு.

மழையில் தவளைக்குஞ்சு விழாது. மரத்திலும் வடியாது.

நான் பார்ப்பதைக் கிராணி பார்த்தார். பிறகு சல்லடையைப் பார்த்தார். பிறகு என் பாவாடையை. முழங்காலுக்குக் கீழே ஓடைச் சேறு இன்னும் காயவில்லை. அவர் இரண்டு விரலால் அந்தத் தவளைக்குஞ்சை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். அப்படி எடுத்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து அவர் செய்ததை நம் தோட்டத்தில் எந்தக் கிராணியும் செய்து யாரும் பார்த்ததில்லை. குனிந்து, அந்தப் பால் வாளியைத் தானே தூக்கி, பெரிய தொட்டியில் கவிழ்த்தார். பழக்கமில்லாத கை. பால் தெறித்து அவருடைய வெள்ளைச் சட்டையில் மார்பு முழுக்க விழுந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"பால் சரி. தண்ணி நான்தான் கூட விட்டிட்டன். அளந்ததிலை என்ர பிழை."

மண்டோர் விடவில்லை. "நான் பக்கத்துலதானே நின்னேன் ஐயா. சரியாத்தானே வுட்டீங்க. வேணும்னா இன்னொரு தரம் பாருங்க."

"இனி எப்படிப் பார்க்கிறது? தொட்டியிலை கலந்து போச்சு."

"அப்ப எழுதுங்க ஐயா, உங்க பிழைன்னு."

"எழுதுறன்" என்றார். எழுதவும் செய்தார். இடது கையை மூடியபடியே வைத்துக்கொண்டு வலது கையால் எழுதினார்.

அன்று பிற்பகலே லயம் கொதித்தது. நாம் சொன்னது சரியாகிவிட்டதே. அவரே தண்ணீரை ஊற்றிவிட்டு நம் பெண்கள் தலையில் போடுகிறார் என்று எத்தனை நாள் சொன்னோம், இப்போது அவர் வாயாலேயே வந்துவிட்டது. முன்னால் நின்றது என் அப்பாதான். "நம்ம புள்ளைங்க அவன் வேதத்துல சேரலன்னு நம்ம பொம்பளைங்கள பழிவாங்குறான்" என்றார். எல்லாருக்கும் அது ரொம்பப் பொருத்தமாக இருந்தது. துரை ஆபீசுக்கு ஆண்களும் பெண்களுமாகப் போனோம். முன்பு மழையில் பிடிபட்ட பெண்கள் எல்லாரும் தங்கள் பாலிலும் தண்ணீர் விட்டது கிராணிதான் என்றார்கள். துரை அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தலை குனிந்து நின்றார் என்று அப்பா வந்து கையைக் காலை ஆட்டிக் காட்டினார்.

அந்த வாரத்திலிருந்து அவருக்குப் பெயர் தண்ணிக் கிராணி. சின்னப் பிள்ளைகள் அவர் வீட்டு வேலிப்பக்கம் நின்று தகர டப்பாவில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காட்டுவார்கள். வேதபாடம் நின்றுபோனது. அவர் மகள் வெளியே வருவதில்லை.

நான் சொல்லியிருக்கலாம். அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவுக்கு மூன்றாம் தரம் ஆகிவிடும், வீடு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அப்பா என்னைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். வேவு பார்த்த கெட்டிக்காரி என்று எல்லாரும் தலையைத் தடவினார்கள். அதை இழக்க எனக்கு மனமில்லை. அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு ஒருநாளும் என்னை வாளிக்குக் காவல் வைத்துவிட்டு அவள் போனதில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது லாரி வந்தது. ஜொகூர் எல்லைப் பக்கம், சுங்கை ரம்பாயைத் தாண்டி ஏதோ சின்னத் தோட்டத்துக்கு அவரை மாற்றிவிட்டார்கள். கிராணி வேலைகூட இல்லை, அதற்குக் கீழே ஒன்று என்று பேசிக்கொண்டார்கள். எல்லாரும் லயத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம். மரப்பெட்டி, மேசை, பாய்ச் சுருள், நீல எனாமல் குவளைகள் ஒரு சாக்கில். அவர் அதே வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். ரப்பர்ப் பால் கறை போகாதே, மார்பில் காப்பி நிறத்தில் படர்ந்திருந்தது.

லாரியில் ஏறுமுன் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். இதோ வருகிறது என்று நினைத்தேன். உன்னைக் காப்பாற்றினேன், இனி நீ எங்கள் சாமியைக் கும்பிடு என்று கேட்கப்போகிறார். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"ஏன் பிள்ளை தண்ணி விட்டனீர்?" என்று மெல்லக் கேட்டார்.

"கடவுளான்னு பாக்கத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. "பார்த்தீரோ?" என்றார்.

"பாலாவலியே" என்றேன்.

"ஓம், ஆகேல்லை" என்று தலையாட்டிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார். அவ்வளவுதான். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது எனக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. கேட்டிருந்தால் விலை தெரிந்திருக்கும், விட்டிருப்பேன். பஸ் ஓட்டும்போதும், வரிசையில் நிற்கும்போதும், சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் யோசித்திருக்கிறேன். என்னை வேதத்தில் இழுக்கச் செய்தாரா? பழியை வாங்கிக்கொண்டால் அடுத்த சனிக்கிழமை வேதபாடத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அம்மா மேல் இரக்கமா? முந்தின இரண்டு தரமும் அவர்தானே எழுதினார். எங்கள் அப்பாவுக்குப் பயமா? பயந்தவன் பழியைத் தள்ளிவிடுவான், வாங்கிக்கொள்ளமாட்டான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவருக்கு அதில் ஒரு லாபமும் வரவில்லை. லாபமில்லாமல் ஒருவன் ஒன்றைச் செய்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும், குறையாது. நான் அப்படி வளர்ந்துவிட்டேன்.

நான் வேதத்தில் சேரவில்லை. மாரியம்மனுக்கு இன்றும் என் வீட்டிலிருந்துதான் முதல் பால்குடம் போகிறது. முழுசும் முழுசும் எப்படி ஒன்றாகும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை என்றுதானே சொன்னார். அன்றைக்கு அதைச் சரக்குத் தெரியாத வியாபாரி பேச்சு என்று நினைத்தேன். இத்தனை வருஷம் ஆள் வைத்து வேலை வாங்கியவள் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஆளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது போன சந்திப்புக்கு வருகிறேன். ஆயர் குரோ மண்டபம், வாழையிலைச் சாப்பாடு, போட்டது நான். மைக்கில் நம் பழைய மண்டோரின் மகன் தண்ணிக் கிராணி கதையை நடித்துக் காட்டினார். குவளையில் தண்ணீரை ஊற்றுவது, குச்சியை எட்டிப் பார்ப்பது, "என்ர பிழை, என்ர பிழை" என்று யாழ்ப்பாணத் தமிழில் இழுப்பது. மண்டபமே அதிர்ந்தது. கடைசி மேசையில் ஒரு அம்மா, வெள்ளை முடி, கண்ணாடி, இலையில் வைத்த சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். யார் கூட்டி வந்தார்கள் என்று தெரியவில்லை. எனக்கு உடனே சந்தேகம். இந்த ஆள் எதற்கு வந்திருக்கிறாள்? நன்கொடை கேட்கவா?

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்களும் அந்தத் தோட்டம்தானோ? என்ர அப்பா அங்கை கிராணியாய் இருந்தவர். உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

குழாயை மூடாமல் நின்றேன். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அதே கண்.

"நான் அப்ப சின்ன பிள்ளம்மா. ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றேன்.

"அப்பா அப்படிச் செய்யக்கூடிய ஆள் இல்லை. ஆனால் கேட்டால் ஒண்டும் சொல்ல மாட்டார். பால் கறை பிடிச்ச ஒரு சட்டையை மட்டும் எறிய விடேல்லை, கடைசிவரை. உண்மையிலை பிழை விட்டவரோ எண்டு ஆரும் சொன்னால் நல்லாயிருக்கும் எண்டுதான் வந்தனான்."

நான் கை துடைக்கத் தாள் எடுத்துக் கொடுத்தேன். வேறு ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே மலருக்கு இதுதான் என் கட்டுரை. அந்த வாளியில் தண்ணீர் விட்டது நான். எண்ணி ஆறு மங்கு. கிராணி அளந்ததில் பிழை இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கு முன்பும் இல்லை. அடுத்த சந்திப்பில் மைக்கில் முதலில் நான்தான் பேசுவேன், இதைத்தான் பேசுவேன். மண்டோர் மகன் அதற்குப் பிறகு வேண்டுமானால் நடிக்கட்டும்.

செயலாளர் தம்பியிடம் அந்த அம்மாவின் நம்பரை வாங்கிப் போன் போட்டேன். இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறாராம். அடுத்த சந்திப்புக்குச் சுங்கை ரம்பாய்க்கே ஒரு பஸ் அனுப்புகிறேன், நீங்கள் ஒருத்தர் மட்டும் வந்தாலும் சரி, அவசியம் வரவேண்டும் என்றேன். "ஏன், என்ன விசயம்?" என்று கேட்டார். வந்தால் சொல்கிறேன் என்றேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

குரலில் சந்தேகம் இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் அந்த பஸ்ஸில் ஏறமாட்டேன்.